கண்ணைத் தொடாத கை

“கண்ணை மூடுங்க சாமி” என்கிறான் தியாகு. மூடிக்கொள்கிறேன். ஈரப் பஞ்சு நெற்றியில் ஆரம்பித்து மூக்கின் மேல் இறங்கிக் கன்னத்தில் பரவுகிறது. காலையிலிருந்து வைகாசி வெயிலில் வெந்த முகத்துக்கு இந்த அரிதாரத்தின் ஜில்லிப்பு ஒன்றுதான் இன்றைக்குக் கிடைத்த சுகம். பஜனை மடத்துப் பின்கட்டு, ஒரு மேஜை ஃபேன், சுவரில் சாய்த்த கண்ணாடி, வாசலில் பந்தலுக்குக் குழல்விளக்கு கட்டுகிறவர்களின் கூச்சல். இன்றைக்கு நரசிம்ம ஜயந்தி. இருட்டினதும் நாடகம். அப்போது நான் ஈ.பி. ஆபீசிலிருந்து ரிட்டயரான பஞ்சாபகேசன் இல்லை, ஹிரண்யகசிபுவின் பட்டமகிஷி லீலாவதி, பிரகலாதனைப் பெற்றவள். தொப்பையும் மூட்டுவலியும் உள்ள பட்டமகிஷி. வெளியூர்க்காரன் எவனாவது சிரிக்கலாம், எங்கள் தெருவில் யாரும் சிரிக்க மாட்டார்கள். இங்கே பெண் வேஷமும் ஆண்கள்தான் கட்டுவது. பெண்கள் மேடையேறும் வழக்கம் கிடையாது, ஏன் என்று யாரும் கேட்டதும் கிடையாது. அப்பா லீலாவதி, அப்பாவின் பெரியப்பா லீலாவதி, அப்புறம் நான். “உங்காத்துல புருஷாள்ளாம் ராணியாவே பொறக்கறேள், தாதியாப் பொறக்க நாங்க இருக்கோம்” என்பாள் கோமளா, என் இடுப்பில் கொசுவத்தைச் செருகிக்கொண்டே. சேஃப்டி பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் பேசுவாள், அதனால் பாதிதான் புரியும். புரிந்த பாதிக்குச் சிரிப்பேன், புரியாத பாதிக்கும் சிரித்துவைப்பேன். கல்யாணமான மறுவருஷத்திலிருந்து அவள்தான் எனக்கு வேஷப் புடவை கட்டிவிட்டாள். அவள் பெட்டியிலிருந்து எடுத்த புடவை, அவள் கழுத்துச் சங்கிலி, அவள் கை. கார்த்திகையில் போய்விட்டாள். சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தவள், நாலாம் நாள் இல்லை. “இன்னைக்கு யாரு சாமி கட்டிவிடுவாங்க?” என்று தியாகு வந்ததும் வராததுமாகக் கேட்டான். பெண் வந்திருக்கிறாள் என்றேன். காலையில் புனேயிலிருந்து வந்தாள் அபர்ணா. வந்ததிலிருந்து என்னோடு பேசினது “காபியா, மோரா?” என்பது மட்டும். மோர் என்றேன். கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். பெருங்காயம் போட்டு, அவள் அம்மா போடுகிற மாதிரியே. குடிக்க முடியவில்லை.

புருவம் எழுதுகிறான், அசையக்கூடாது. மூடின கண்ணுக்குள் சிவப்பாக ஏதோ ஓடுகிறது, ஆற்றில் வெயில் பட்டாற்போல. ஒரு நாயக்க ராஜா எங்கள் முன்னோர்களைத் தெலுங்குப் பக்கத்திலிருந்து கூட்டிவந்து இந்தத் தெருவில் குடிவைத்தான் என்று சொல்லிக்கொள்வார்கள். ஆளுக்கு ஒரு வீடு, ஒரு கிணறு, கொஞ்சம் நிலம். பகவான் கதையை ஆடிப் பாடிக்கொண்டு இருங்கள் என்றானாம். பாட்டு இன்னும் தெலுங்குதான், ஆனால் ராணி வேஷத்தைக் கலைத்துவிட்டுக் காபி கேட்பது தமிழில். நிலம் பாட்டனார் காலத்திலேயே போயிற்று. ஆட்டம் இருக்கிறது, கிணறு இருக்கிறது. ராஜா கொடுத்த கிணற்றில் இப்போது ஒன்றரை ஹெச்.பி. மோட்டார், தட்டினால் தெருக்கோடி வரைக்கும் உறுமும். அந்த மோட்டாரால் எனக்கும் கோமளாவுக்கும் எத்தனை சண்டை! நேரம் காலம் பார்க்காமல் போட்டுவிடுவாள். தொட்டி நிரம்பி முற்றத்தில் சோவென்று கொட்டும், அவள் காதில் விழாது. “ஈ.பி.காரன் ஆத்துலயே கரண்டை இப்படி வாரி விட்டா ஊர்ல எவன்டி பில்லு கட்டுவான்?” என்று கூடத்திலிருந்து கத்துவேன். சத்தம் நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவின ஈரத்தோடு வந்து நிற்பாள், “மறந்துட்டேன்” என்பாள். இவ்வளவு மறதிக்காரி எனக்குக் கட்டுகிற புடவையில் ஒரு மடிப்பை மறந்ததில்லை. நாடகத்தன்றும் அப்படித்தான், என்னை மடத்தில் கட்டி நிறுத்திவிட்டு அகத்துக்குப் போவாள். கோணங்கி வந்து குதித்துச் சிரிக்கவைத்துவிட்டுப் போவான், பிள்ளையார் வந்து போவார், ராஜா வந்து மீசையை முறுக்குவார். அப்புறம் இரண்டு பேர் திரையைப் பிடித்து நிற்க, பின்னாலிருந்து பாட்டுக்குத் தகுந்தபடி நான் ஆடி, திரை விலகி, முகத்தைக் காட்டுவேன். பெண்கள் பக்கத்தில் தூண் ஓரமாக அவள் உட்காருகிற இடம் காலியாக இருக்கும். வீட்டைப் பூட்டிக்கொண்டு வர இத்தனை நேரமா என்று நினைத்துக்கொள்வேன். அதற்கு மேல் நினைத்ததில்லை. லீலாவதிக்கு வேறு வேலை இருந்தது.

லீலாவதியின் வேலை அழுவது. ஆட்டம் பாட்டமெல்லாம் இருக்கிறது, ஆனால் ஊர் காத்திருப்பது அழுகைக்கு. பிள்ளைக்கு விஷம் கொடு என்கிறான் ராஜா. கிண்ணம் வருகிறது. புருஷன் முகத்தைப் பார்க்கிறாள், பிள்ளை முகத்தைப் பார்க்கிறாள், போக இடமில்லை. சேஷு, எங்கள் பாகவதர், ஆகிரி ராகத்தில் ‘ஆ’ என்று மேலே எடுப்பான். நான் இரண்டடி பின்வாங்க வேண்டும். கழுத்து இடப்பக்கம் சாய வேண்டும். வலது கை சபையைப் பார்த்து நீள வேண்டும், பாருங்களேன் இந்த அநியாயத்தை என்கிற மாதிரி. இடது கை முந்தானையைக் கண்வரைக்கும் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோகலாம், தொடக்கூடாது. “கண்ணைத் தொட்டுத் தொலைக்காதேடா, மை கலைஞ்சா ராணி பிசாசாயிடுவா” என்பார் அப்பா. கண்ணுக்கு ஓர் அங்குலம் இருக்கும்போது கை நின்றுவிட வேண்டும், அங்கே நடுங்க வேண்டும். துடைக்கப்போய்த் துடைக்க முடியாமல் நிற்கிற கையைப் பார்த்தால் சபை தாங்காது, ஆண்பிள்ளைகள்கூட மூக்கை உறிஞ்சுவார்கள். நானும் ஒவ்வொரு வருஷமும் அழுதேன். நிஜமாகவா என்று கேட்டால் என்ன சொல்ல? சேஷு ‘ஆ’ என்றால் கண்ணில் தண்ணீர் வந்தது. வந்ததைக் கொண்டு ஆடினேன். எங்கிருந்து வந்தது என்று அப்போதெல்லாம் யார் கேட்டார்கள்? “கழுத்தைத் தூக்குங்க சாமி.” தூக்குகிறேன். தியாகுவின் விரலில் பீடி வாசனை.

அந்த ஓர் அங்குலம்தான் என்னைக் கெடுத்தது. கார்த்திகை மாத மழை, கூடத்தில் கோமளாவைத் தெற்கே தலைவைத்துக் கிடத்தியிருந்தது. முகத்தில் மஞ்சள், நெற்றி நிறையக் குங்குமம், தலை கொள்ளாத பூ. சுமங்கலியாப் போனா, குடுத்துவெச்சவ என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். யாருக்கு யார் கொடுத்துவைத்தது என்று எனக்குக் கோபமாக வந்தது. சுவரோரம் நின்றேன். அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்பிற்று. நிஜம், சத்தியமாக நிஜம், இதுவரைக்கும் அப்படி ஒன்று எனக்குள் கிளம்பினதே இல்லை. அது வெளியே வர வழி தேடிற்று. உடம்புக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். இரண்டடி பின்னால் போனேன். கழுத்து சாய்ந்தது. வலது கை நீண்டது. இடது கை அங்கவஸ்திரத்தின் நுனியை எடுத்துக்கொண்டு கண்ணுக்குப் போயிற்று, ஓர் அங்குலத்தில் நின்றது. கண்ணீர் மோவாய் வழியே சொட்டுகிறது, துணி தொடாமல் நடுங்குகிறது. நானே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நிறுத்தத் தெரியவில்லை. அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. நிலைப்படியில் சேஷு நின்றிருந்தான். பாவம், அவனைச் சொல்லி என்ன, என் கழுத்து சாய்ந்தால் அவன் தொண்டை திறந்தே பழக்கம். ‘ஆ’ என்று எடுத்துவிட்டான். சுத்தமான ஆகிரி. பாதி மூச்சுகூட இருக்காது, திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். ஆனால் கூடம் முழுக்கக் கேட்டுவிட்டது. யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டுச் சிரிப்பை இருமலாக்கினாள். அம்மாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அபர்ணா தலையைத் தூக்கிப் பார்த்தாள். “போதும்ப்பா” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். கை இறங்கிவிட்டது. கண்ணீரும் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

அப்புறம் வரவே இல்லை. சுடுகாட்டில் வரவில்லை, பத்தாம் நாள் வரவில்லை, பீரோவைத் திறந்து அவள் புடவை வாசனை முகத்தில் அடித்தபோதுகூட வரவில்லை. சேஷு தெருவில் என்னைக் கண்டால் பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுகிறான். ஒத்திகையில்கூட அந்தப் பாட்டு வரும்போது தொண்டை கட்டியிருக்கு என்று தாண்டிப் போய்விட்டான். அபர்ணா ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள், சாப்டாச்சா, மாத்திரை போட்டுண்டேளா, சரி வெக்கட்டுமா. அம்மா பேச்சை அவளும் எடுக்கமாட்டாள், நானும் எடுக்கமாட்டேன். வருஷம் திரும்பாமல் வேஷம் கட்டலாமா என்று பேச்சு வந்தபோது, கூடாது என்று சொல்லிவிடுவார்கள் என்று உள்ளுக்குள் காத்திருந்தேன். சாஸ்திரிகள் ஸ்வாமி கைங்கர்யம், தோஷமில்லை என்றுவிட்டார். நல்ல சாஸ்திரிகள். இன்றைக்கு ராத்திரி சேஷு ‘ஆ’ என்பான், தப்ப முடியாது. இதே கை எழும்பும், அதே இடத்தில் நிற்கும். தூண் ஓரத்தில் அவள் அம்மா இடத்தில் அபர்ணா உட்கார்ந்திருப்பாள். அன்றைக்குச் செத்தவள் முன்னால் காட்டினதைத்தான் இன்றைக்கு ஊர் முன்னால் காட்டுகிறார் என்று நினைப்பாள். கண்ணீர் வந்தால், இங்கே வருகிறதே, அம்மாவுக்கு வந்ததும் இதே சரக்குதானா என்று தோன்றும். வராவிட்டால் கல்நெஞ்சன். எப்படிப் போனாலும் நான் அவள் அம்மாவுக்காக அழவில்லை என்று ஆகிவிடும். அவளுக்கு ஆகிவிட்டால் எனக்கும் ஆகிவிடும், அதுதான் பயம். ஏனென்றால் எனக்கே தெரியவில்லை. அன்றைக்குக் கிளம்பினது என்னுடையதா, லீலாவதியுடையதா? ஒருத்தன் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினவளுக்குச் சொந்தமாக ஒரு சொட்டு விடமாட்டானா? கோவிலில் நரசிம்மர் முகமூடிக்குப் பூஜை ஆகிக்கொண்டிருக்கிறது, மணி கேட்கிறது. அந்த முகமூடியைக் கட்டுகிறவன் பட்டினி கிடந்து கட்டுவான், கட்டினதும் அவன் அவனாக இருக்கமாட்டான், இடுப்பில் துணியைக் கட்டி நாலு பேர் இழுத்துப் பிடிக்க வேண்டும். விடிந்து முகமூடியைக் கழற்றினால் மறுபடி அவன்தான். எனக்கு அப்படிக் கழற்ற ஒன்றும் இல்லை. என் வேஷம் உள்ளே இறங்கிக் கையிலும் கழுத்திலும் குடியேறிவிட்டது.

“ஆச்சு சாமி, கண்ணைத் தொறந்து பாருங்க. உதட்டைக் கடிக்காதீங்க, ஈரமா இருக்கு.” கண்ணாடியில் லீலாவதி. நெற்றிச்சுட்டி, மூக்குத்தி, பெரிய கண்கள். கழுத்துக்குக் கீழே கிழட்டு மார்பில் சிவப்பு ரவிக்கை, அதற்குக் கீழே பைஜாமா. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று தியாகு வெளியே போகிறான். கதவைத் தள்ளிக்கொண்டு அபர்ணா வருகிறாள், கையில் மாம்பழக் கலர் பட்டு. இவள் கல்யாணத்துக்குக் கோமளா எடுத்துக்கொண்ட புடவை. பிரிக்கிறாள், நாப்தலின் வாசனை. “கையைத் தூக்குங்கோ” என்கிறாள். தூக்குகிறேன். சுற்றுகிறாள், தலைப்பை அளந்து தோளில் போடுகிறாள், விரல்களுக்கு நடுவில் கொசுவம் வரிசையாக விழுகிறது. ஒரு சேஃப்டி பின்னை எடுத்துப் பல்லில் கடித்துக்கொள்கிறாள். இது சாதாரணக் கட்டு இல்லை. ஆடும்போது கால் அகலும், உட்கார்ந்து எழ வேண்டும், ஆனாலும் மடிப்பு விசிறியாக விழ வேண்டும். கோமளாவே முதல் வருஷம் மூன்று தரம் அவிழ்த்துக் கட்டினாள். இவள் ஒரே தரத்தில் கட்டுகிறாள்.

“நன்னாக் கட்டறியே” என்கிறேன். எதையாவது பேச வேண்டும். “எனக்கு அம்மா கட்டறதைப் பார்த்துக் கத்துண்டியா?”

“இல்லை.” பல்லுக்கு நடுவிலிருந்து வருகிறது. “அம்மா தனக்குக் கட்டிண்டதைப் பார்த்து.”

“அவ எதுக்குக் கட்டிக்கறா? இது வேஷக் கட்டுடீ.”

பின்னை வாயிலிருந்து எடுத்துத் தோளில் குத்துகிறாள். “கிணத்தடியில” என்கிறாள். “மோட்டாரைப் போட்டுட்டு.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் குனிந்து என் காலடியில் மடிப்பைச் சரிசெய்கிறாள், முகத்தைப் பார்க்காமலே சொல்கிறாள். “பழைய நூல் புடவையை இதே மாதிரி கட்டிண்டு லீலாவதி ஆடுவாப்பா. நீங்க திரைக்குப் பின்னாடி ஆடறது, ராஜாகிட்ட கெஞ்சறது, விஷம் குடுக்கறது, எல்லாம். வெளியில பாட்டுக் கேக்கக் கூடாதுன்னு மோட்டார். நாடகத்தன்னிக்கு உங்களை இங்கே கட்டி அனுப்பிட்டு ஆத்துக்கு ஓடி வருவா, ஒரு தரம் முழுசா ஆடிட்டுத்தான் மூஞ்சியலம்பிண்டு பார்க்க வருவா. கொல்லைக் கதவு இடுக்கு வழியா நான் பார்த்துண்டே இருப்பேன். ஒரே ஒரு தரம் மேடையில நிக்கணும்னு இருந்தது அவளுக்கு.”

“என்கிட்டச் சொல்லவே இல்லையே!”

“சொல்லியிருந்தா?”

சிரித்திருப்பேன். பல்லில் பின்னோடு அவள் சொன்ன பாதிக்கெல்லாம் சிரித்த மாதிரி இதற்கும் சிரித்திருப்பேன். தாதியாகப் பிறக்க நாங்கள் இருக்கிறோம் என்றாள், கேலி என்று நினைத்தேன், நல்ல கேலி என்று சேஷுவிடம்கூடச் சொல்லிச் சிரித்தேன். முற்றத்தில் தண்ணீர் கொட்டுகிறது, நான் கூடத்தில் ஈஸிசேரில் இருக்கிறேன், கரண்டு பில்லைப் பற்றிக் கத்துகிறேன், அங்கே ராணி பாதிப் பாட்டில் நின்றுவிட்டாள், சுவிட்சை அணைத்தாள், முகத்தைக் கழுவினாள். மறந்துட்டேன் என்றாள். என்னுடைய கத்தல் அவளுக்குக் கேட்டது, அவள் பாட்டு எனக்குக் கேட்கவில்லை. ஒரு நாளாவது எழுந்து கொல்லைப் பக்கம் போயிருக்கலாம். நாலு தப்படி.

அபர்ணா எழுந்து நிற்கிறாள். “கடைசியில அந்த அழுகை வரும். ரெண்டடி பின்னாடி போவா, கை கண்ணு வரைக்கும் வரும், தொடாது. அவ கண்ணுல மையே கிடையாது, ஆனாலும் தொடமாட்டா. முதல்ல ஆட்டமாத்தான் இருக்கும். அப்புறம் பார்த்தா நிஜமாவே அழுதுண்டிருப்பா. எங்க அது முடிஞ்சு எங்க இது ஆரம்பிச்சுதுன்னு எனக்குத் தெரிஞ்சதே இல்லை. சின்ன வயசுல அழுகைன்னாலே அதுதான்னு நினைச்சுண்டிருந்தேன். மேடையில நீங்க பண்ணினா அது லீலாவதி. அன்னிக்குக் கூடத்துல நீங்க பண்ணினப்போ எனக்கு அம்மாவாத் தெரிஞ்சுது. படுத்துண்டிருக்கறவளே எழுந்து நின்னு அழற மாதிரி. என்னால தாங்க முடியலைப்பா. அதான் போதும்னேன்.”

“நான் வேஷம் போடறேன்னு நீ...”

“அப்படி நான் எப்போ சொன்னேன்?”

சொல்லவில்லை. அவள் சொன்னது ஒரே ஒரு வார்த்தை, மிச்சமெல்லாம் நானே ஆறு மாசமாக உட்கார்ந்து எழுதினது. “வலது கை?” என்று கேட்கிறேன். எதற்குக் கேட்கிறேன், இதுவா இப்போது முக்கியம், ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. “சபையைப் பார்த்து நீட்டுவேனே, அந்தக் கை. அவ அங்கே யாரைப் பார்த்து நீட்டினா?”

“நீட்டமாட்டா. அந்தக் கையால வாயைப் பொத்திப்பா. மோட்டார் ஓடிண்டிருக்கறச்சேயும்.”

கண்ணாடியில் மாம்பழக் கலர் பட்டு அசைகிறது. நான் பின்வாங்குகிறேன், யாரும் சொல்லவில்லை, சேஷு பாடவில்லை. கழுத்து சாய்கிறது. வலது கை எழும்புகிறது, இத்தனை வருஷமும் நீண்ட பக்கம் போகாமல் திரும்பி வந்து வாயில் அமர்கிறது. உள்ளங்கையில் உதட்டுச் சாயம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. கண்ணாடியில் நிற்பது யார் என்று இப்போது தெரிகிறது. நான் ஒரு தரம்கூடப் பார்க்காத கோமளா. அவள் அழுது நான் பார்த்ததே இல்லை, ஒரு நாள்கூட இல்லை, என் பெண்டாட்டி அழாதவள் என்று பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்தேன். அடிவயிற்றில் அன்றைக்கு நின்றுபோனது மறுபடி கிளம்புகிறது, கையில் வந்து முட்டுகிறது. கதவருகில் நிழல். நேரமாகிறது என்று சொல்ல வந்த சேஷு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். என் கழுத்தைப் பார்க்கிறான், அவன் வாய் திறக்கிறது, உடனே அவனும் கையால் பொத்திக்கொள்கிறான். இரண்டு கிழவர்களும் வாயைப் பொத்திக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

அபர்ணா என் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறாள். “அப்பா, கையை எடுங்கோ. அவளுக்குத்தான் மோட்டார் வேண்டியிருந்தது. உங்களுக்கென்ன, சத்தமா அழுங்கோ.” கதவுப் பக்கம் திரும்புகிறாள். “மாமா, நீங்களும் கையை எடுங்கோ.”

எடுத்துவிட்டேன். வந்த சத்தம் எந்த ராகத்திலும் இல்லை, மாடு கத்தின மாதிரி இருந்தது, லீலாவதி கேட்டால் வெட்கப்படுவாள். இடது கை முந்தானையோடு மேலே போயிற்று, அந்த ஓர் அங்குலத்தில் ஒரு கணம் நின்றது, அப்புறம் கண்ணைத் தொட்டது. தேய்த்தது. கோமளாவின் புடவையில் மை தீற்றிற்று. சேஷு உள்ளே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான், பாடவில்லை, அவனும் அழுதான். டீ குடித்துவிட்டு வந்த தியாகு வாசலிலேயே நின்றுவிட்டான். “ஐயையோ சாமி, மையெல்லாம் போச்சே, மறுபடி மொதல்லேர்ந்து எழுதணும்.”

“எழுதுங்கோ” என்றாள் அபர்ணா. “அப்பா முடிக்கட்டும். இன்னும் நேரம் இருக்கு.”